ஒத்தக்குரலைக் கூப்பிட்டவர்கள்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆள் அனுப்பும் ஏஜென்சியில் அவளுக்கு ஒத்தக்குரல் என்று பெயர். ஒரு தரம் கூப்பிட்டால் எழுந்துவிடுவாள்; இரண்டாவது குரலுக்கு வேலை வைத்ததே இல்லை. ஏஜென்சிக்காரர் புது வீட்டுக்காரர்களிடம் போனில் பேசும்போது இதைத்தான் முதலில் எடுத்துவிடுவார். "மத்த பொம்பளைங்க படுத்தா இடி விழுந்தாலும் அசைய மாட்டாங்க சார். இந்தம்மா அப்படி இல்ல. நீங்க மனசுக்குள்ள கூப்பிட்டாலே வந்து நிப்பாங்க." சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. அவருக்கு அது வியாபாரப் பேச்சு. அவள் அனுபவிப்பது வேறு.

எந்த வீட்டுக்குப் போனாலும் பையை இறக்கி வைத்த கையோடு நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்பாள். மருந்து, மாத்திரை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். படுத்திருப்பவரின் தொண்டையை நம்ப முடியாது. காலையில் அதட்டியவர் சாயங்காலம் குரலே எழும்பாமல் கிடப்பார். அதனால் அவரால் எந்த நிலையிலும் செய்ய முடிகிற ஒரு சத்தத்தை இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள். ஒரு மளிகைக்கடை முதலாளி கை தட்டுவார். ஒரு பெண்மணி மேஜைமேல் சீப்பைத் தேய்ப்பாள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு விரல்களில் பலமில்லை. அவருக்குக் குளியலறையில் கிடந்த ரப்பர் வாத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். முழங்கையால் அமுக்கினாலே கத்தும். "ஆயுசு பூரா கோர்ட்டையே கப்சிப்னு வச்சிருந்தவன்மா நான். கடைசியில வாத்தா கத்துறேன் பாரு" என்பார். வேண்டுமென்றே இரண்டு தரம் அமுக்குவார்.

ஒரு வீட்டில் பழகிய சத்தத்தை அடுத்த வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாள். அது அவளுடைய கண்டிப்பு. காரணம் கேட்டால், "ராசியில்ல" என்று மழுப்பிவிடுவாள்.

உண்மையான காரணம், ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் கூப்பிட்ட சத்தம் அவளை விட்டுப் போவதில்லை. விழித்திருக்கும்போது ஒன்றும் கிடையாது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கும்போதும் கிடையாது. கண் செருகி, கை கால் கனத்து, நினைப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குழம்பத் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வரும். எங்கோ தொலைவில் கேட்கிற மாதிரி வந்தாலும் ஆறுதல் உண்டு. அப்படி வராது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆள் படுத்திருந்து கூப்பிட்டால் எப்படி இருக்குமோ அப்படி, காதுக்குப் பக்கத்தில், துல்லியமாக வரும்.

முதல் தடவை அது மளிகைக்கடைக்காரரின் கைதட்டல். அவர் இறந்து, வேறு வீட்டில் சேர்ந்திருந்த புதிது. "தோ வந்துட்டேன்யா" என்று எழுந்து பழைய வீட்டில் கட்டில் இருந்த திசையில் நடந்தாள். இந்த வீட்டில் அந்தத் திசையில் இருந்தது இரும்பு பீரோ. மோதிய வேகத்தில் நெற்றி எலுமிச்சம்பழமாகப் புடைத்தது. வீட்டுக்கார அம்மா திருடன் என்று அலறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள்.

ஒரு வேலை முடிந்து இன்னொன்று கிடைக்கும்வரை தங்கச்சி வீட்டில் இருப்பாள். அங்கேயும் இதே கூத்துதான். படுத்தவள் திடுதிப்பென்று எழுந்து ஹாலில் நிற்பாள். தங்கச்சியின் வீட்டுக்காரன் பஸ் கண்டக்டர். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அக்கா, செத்தும் உங்கள விடமாட்டேங்கிறாங்கன்னா, அவ்ளோ நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம். இனிமே கொஞ்சம் மோசமா பாருங்க, விட்டுருவாங்க."

"நீங்க சும்மா இருங்க" என்று தங்கச்சி அவனை அடக்குவாள். "அக்கா, உனக்கு இந்த வேலையே வேணாம். எங்க தையல் கடையில பட்டன் தைக்க ஆள் தேடுறாங்க. பேசாம வந்துரு. பட்டன் எதுவும் ராத்திரில கூப்பிடாது."

"அதுவும் ரெண்டு மாசத்துல கூப்பிடும்டி" என்பாள் ஒத்தக்குரல். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

ஒரு வீட்டுக்கு நோயாளியைப் பார்க்க வந்த டாக்டரிடம், அவர் பெட்டியை மூடும் நேரம் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் நல்ல மனிதர். நின்று பதில் சொன்னார்.

"தூங்கப் போறப்ப மட்டும்தானா? முழிச்சிருக்கறப்ப எதுவும் கேக்கலையே?"

"இல்ல டாக்டர்."

"அப்ப பயப்படாதீங்க சிஸ்டர். நிறைய பேருக்கு வரும். எனக்கே யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். மூளையில பாதி தூங்கிடுது, பாதி தூங்கல. தூங்கின பாதி கனவு காணுது. தூங்காத பாதி அதை நிஜம்னு நம்பிடுது. வியாதியெல்லாம் இல்ல."

"சரிங்க டாக்டர். அப்ப எழுந்திருக்கணுமா, வேணாமா?"

டாக்டர் யோசித்துப் பார்த்தார். "உங்க வேலைக்கு அது கஷ்டமான கேள்விதான்" என்றார்.

அன்று அவளே கண்டுபிடித்த வழிதான் வீட்டுக்கு ஒரு புதுச் சத்தம். வாத்து கத்தினால் நீதிபதி, அவர் போயாயிற்று, புரண்டு படு. சீப்புச் சத்தம் கேட்டால் அந்தம்மா, அவளும் போயாயிற்று, புரண்டு படு. இந்த வீட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்திரு. இதை வைத்துக்கொண்டு அவள் பல வருஷம் ஓட்டினாள். செத்தவர்களை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போகிற பெண் ஊரில் வேறு யாராவது இருப்பார்களா என்று சில நேரம் நினைத்துக்கொள்வாள்.

பிறகு டீச்சரம்மா வீடு. அங்கேதான் நீண்ட காலம் இருந்தாள். டீச்சரம்மாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, பேச்சு காற்றாகத்தான் வரும். கையில் ஒரு வளையல் போட்டிருப்பாள். அதைக் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவாள். டிங். கொஞ்சம் இடைவெளி. டிங் டிங். ஒத்தக்குரல் ஓடிப்போய் நின்றால், "சும்மாதான் கூப்பிட்டேன். இருக்கியான்னு பாத்தேன்" என்று உதட்டை அசைப்பாள். "நான் எங்க போவேன்? கட்டில்ல உங்களையும், வாசல்ல செருப்பையும் விட்டுட்டா?" என்று இவள் சண்டைக்குப் போவாள். இரண்டு பேரும் டிவியில் வரும் சண்டைக்காரி மாமியார்களைத் திட்டிக்கொண்டே சாயங்காலத்தைக் கழிப்பார்கள். ஒரு மத்தியானம், ஒத்தக்குரலின் கையைப் பிடித்தபடியே டீச்சரம்மாவின் மூச்சு நின்றது. யார் மேலும் குறையில்லாத சாவு. பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

மற்றவர்களின் சத்தம் நாள்பட நாள்பட மங்கிவிடும். டீச்சரம்மாவின் வளையல் மங்கவில்லை. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு வீட்டிலும், கண் அயரும்போதெல்லாம், டிங். டிங் டிங். "சும்மாதான் கூப்பிடுறீங்க, தெரியும். தூங்குங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் புரண்டு படுப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாஸ்டர் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள்.

மாஸ்டர் என்றால் டைப் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது மிச்சமான இரண்டு மெஷின்கள் முன்னறையில் உறை போட்டு உட்கார்ந்திருந்தன. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுதாகப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. விழுங்குவது கஷ்டம் என்பதால் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எச்சிலும் சளியும் தொண்டையில் சேர்ந்தால் தானாக வெளியேற்ற முடியாது. உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து, சக்‌ஷன் மெஷின் குழாயை வாயில் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். தாமதித்தால் மூச்சு முட்டிப் போய்விடும். ஆம் என்பதற்கு ஒரு தரம் கண்ணை மூடித் திறப்பார். இல்லை என்பதற்கு இரண்டு தரம். காது மட்டும் பாம்புக் காது.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். மாஸ்டருக்கு இரவில் இருமலும் சளியும் அதிகம். ஒத்தக்குரலுக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. மத்தியானச் சாப்பாடு ஏற்றிய பிறகு அவர் அயர்வார். ஜன்னலோரம் மடக்குக் கட்டிலை விரித்து அவளும் அப்போதுதான் கண்ணை மூட முடியும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவள் எழுந்திருக்காவிட்டால் எழுந்திருக்க யாருமில்லை.

முதல் நாள் வழக்கம்போல உட்கார்ந்து கேட்டாள். "மாஸ்டர், என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?"

மருமகள் ஏற்கெனவே ஒரு பெல் வாங்கி வைத்திருந்தாள். அமுக்க மாஸ்டரின் நல்ல கை விரல்களிலும் வலுவில்லை. எதைக் கொடுத்தாலும் பிடி நிற்கவில்லை. அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு துணியால் கட்டிப் பார்த்தாள். அவர் கை தானாகவே வெட்டி வெட்டி இழுக்கும் என்பதால் அதுவும் சரிப்படவில்லை. அவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த மாஸ்டர், நல்லாயிருந்த கையை மெதுவாக நகர்த்தினார். அந்த விரலில் ஒரு பழைய மோதிரம் இருந்தது. அதைக் கட்டில் கம்பியில் தட்டினார்.

டிங். கை ஓய்ந்தது. பிறகு மொத்த பலத்தையும் கூட்டி, டிங் டிங்.

அவளுக்குத் தூக்கி வாரிப்போட்டது. கையிலிருந்த துணி நழுவியதுகூடத் தெரியவில்லை.

"சூப்பர் மாமா!" என்றாள் மருமகள். "இது போதும்ல சிஸ்டர்?"

"மூணு தரம் அடிக்க முடியுமா மாஸ்டர்? வரிசையா?"

அவர் முயன்றார். ஒன்று அடித்ததும் விரல்கள் சுருண்டுகொண்டன. சற்றுப் பொறுத்து இரண்டு, சேர்ந்தாற்போல. அவ்வளவுதான் அந்தக் கையால் ஆனது. அவருடைய கண்ணில் ஒரு பெருமிதம் இருந்தது. அந்த வீட்டில் அவர் தானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். "போதும் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானமே தொடங்கிவிட்டது. கண் செருகும்போது டிங், டிங் டிங். விழுந்தடித்து எழுந்தாள். மாஸ்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திரும்பப் படுத்தாள். டிங், டிங் டிங். டீச்சரம்மாதான் என்று நினைத்து ஒரு நொடி கிடந்தவள், நெஞ்சு கேட்காமல் எழுந்து பார்த்தாள். இந்தத் தடவை மாஸ்டருக்கு வாயோரம் நுரை கட்டியிருந்தது. கண்கள் அவளையே தேடிக்கொண்டிருந்தன.

இரும்பில் உலோகம் பட்டால் ஒரே சத்தம்தான். வளையலா மோதிரமா என்று எந்தக் காது பிரிக்கும்? ஒவ்வொரு தடவையும் எழுந்தாள். எழுந்து பார்த்த பிறகு தூக்கம் ஓடிவிடும். திரும்பிப் பிடித்து வருவதற்குள் மறுபடி டிங். இரவும் இல்லை, பகலும் இல்லை என்றாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி ஆனது. ஒரு விடுமுறை நாள், பொடித்துக் கொடுத்த மாத்திரையையே மறுபடி பொடிக்கப் போனாள். நல்லவேளை, மருமகள் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டர், இப்பதானே குடுத்தீங்க? உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம், ஏதோ ஞாபகத்துல..." என்று சமாளித்தாள். கையில் ஒரு உயிரை வைத்துக்கொண்டு இப்படித் தடுமாறினால் என்றைக்காவது ஒருநாள் இந்த மனிதரைத் தானே கொன்றுவிடுவோம் என்று தோன்றியது.

மறுநாள் மாஸ்டரின் தலைமாட்டில் நின்றுகொண்டே ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டாள்.

"எனக்குப் பதிலா வேற ஆள் அனுப்புங்க."

"என்னம்மா ஆச்சு? அந்த வீட்டுல எல்லாரும் தங்கமானவங்களாச்சே. உனக்கு முன்னாடி போனதெல்லாம் ஒரு வாரம் தாங்கல. உன்னை வச்சுதான் நான் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு இங்க தூக்கமில்லங்க."

"தூங்கறதுக்கா உன்னை அனுப்பினேன்?" என்று சிரித்தவர், உடனே இறங்கி வந்தார். "சரி, சரி. ஆள் கிடைக்கற வரைக்கும் பொறுத்துக்கோ."

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச முடியாத நோயாளியிடம் வாய் ஓயாமல் பேசுவார்கள். வீட்டு வம்பு, மனக்குறை, வெளியில் சொல்லக்கூடாதது எல்லாவற்றையும் கொட்டுவார்கள். திரும்பி ஒரு வார்த்தை வராததால் நாளடைவில் கேட்க அங்கே ஆள் இருப்பதே மறந்துவிடும். ஒத்தக்குரலும் அதே தவறைத்தான் செய்தாள். மாஸ்டருக்கு முகம் மழித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவங்க வளையல், உங்க மோதிரம், ரெண்டும் ஒண்ணா கேக்குது மாஸ்டர். நீங்க ஒரு தடவை கூப்பிட்டா அவங்க ஒன்பது தடவை கூப்பிடுறாங்க. கன்னத்தை உப்புங்க... ஆங், அப்படித்தான். கண்ணை மூடினா டிங்குன்னு ஒண்ணு. ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம் சத்தமில்லாம தூங்கினா போதும், பொழைச்சுக்குவேன். இல்லேன்னா நான் இங்க இருந்து போயிட வேண்டியதுதான். எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா?"

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு, "இப்பப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று கண்ணாடியைக் காட்டினாள்.

அதன் பிறகு வந்த மத்தியானங்களில், எழுந்து பார்த்தபோதெல்லாம் மாஸ்டர் அமைதியாகவே இருந்தார். உடம்பு தேறிவருகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். படுக்கை மட்டும் ஈரமாக இருந்தது. "ஏன் மாஸ்டர், கூப்பிட்டிருக்கலாம்ல? எவ்வளவு நேரமா இப்படியே கிடக்குறீங்க?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆம் என்கிறாரா, வெட்கப்படுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. போட்டு யோசிக்க அவள் மூளையில் இடமும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் வெயில் தகித்தது. கீழே பட்டறையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்; பிறகு அவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். தெரு முழுக்க ஓய்ந்துவிட்டது. மாஸ்டர் கண் அயர்ந்ததைப் பார்த்துவிட்டு மடக்குக் கட்டிலில் சாய்ந்தாள். பாரம் தானாக இறங்கியது. கால் இருக்கும் இடம் மறந்தது. கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது.

டிங்.

டிங் டிங்.

'டீச்சரம்மா' என்று நினைத்தாள். நினைப்பதற்கே ஒரு யுகம் ஆனது. 'இவர் கூப்பிட்டு நாளாச்சு. இது நீங்கதான். சும்மாதான் கூப்பிடுறீங்க.' புரண்டு படுத்தாள். இந்தத் தடவை எழுந்திருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தபோது, அந்த முடிவே தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது.

டிங். டிங் டிங்.

வழக்கமாக அது ஒரு தரம் வந்தால் கரைந்துவிடும். இன்றைக்கு விடவில்லை. டிங். டிங் டிங். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. டீச்சரம்மா கோபமாக இருக்கும்போது தட்டுகிற மாதிரி, கம்பியே பெயர்ந்துவிடும் போல. டிங் டிங் டிங் டிங். கட்டில் கால் அதிர்வது தன் எலும்பில் தெரிந்தது. "என்னதான் வேணும் உங்களுக்கு? செத்தும் நிம்மதியில்லையா?" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

சத்தம் சட்டென்று நின்றது. அறையில் ஒன்றுமில்லை. வெயில் தரையில் கிடந்தது.

மாஸ்டரின் முகம் நீலம் பாரித்திருந்தது.

எப்படி அங்கே போனாள் என்று தெரியாது. ஒருக்களித்துப் புரட்டினாள். வாய் நிறையச் சளி. விரலில் துணி சுற்றி வழித்தாள், மெஷினைப் போட்டாள், குழாயை விட்டாள். மெஷின் கரகரவென்று உறிஞ்சியது. முதுகில் தட்டினாள். "மாஸ்டர், மாஸ்டர், இழுங்க, மூச்சை இழுங்க" என்று அரற்றினாள். கடைசியில் கிழிகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று. உதட்டில் மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். மாஸ்டரின் நல்ல கை எங்கே? போர்வையை விலக்கினாள். கையை மோதிரத்தோடு தன் தொடைக்கு அடியில் செருகி வைத்திருந்தார். அவளே இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. நெடுநேரம் அழுந்திக் கிடந்ததில் விரல்கள் வெளுத்து, மெத்தை விரிப்பின் மடிப்பு புறங்கையில் அச்சாகப் பதிந்திருந்தது.

அந்தக் கையால் யாரும் எதையும் தட்டியிருக்க முடியாது.

"மாஸ்டர்." அந்தக் கையை அவருக்கே தூக்கிக் காட்டினாள். "நான் தூங்கணும்னா? நான் தூங்கணும்னு கையை அடக்கி வச்சீங்களா?"

அவர் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உங்களுக்கு யாரு இந்த யோசனை சொன்னது? பெரிய தியாகியா நீங்க? மூச்சு முட்டிச் செத்திருப்பீங்க, தெரியுமா? அப்புறம் நீங்களும் வந்து என் காதுல தட்டிக்கிட்டே இருப்பீங்க. ஏற்கெனவே அங்க இடமில்ல!"

மாஸ்டரின் நல்ல பக்கத்து உதடு லேசாகக் கோணியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

சாயங்காலம் ஏஜென்சிக்காரர் போன் செய்தார். "ஆள் கிடைச்சாச்சும்மா. நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"

ஒத்தக்குரல் மாஸ்டரைப் பார்த்தாள். வரப்போகிறவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், இன்று நடந்த மாதிரி ஒன்று மறுபடி நடந்தால் அவளை யார் எழுப்புவார்கள்?

"வேணாங்க. நானே இருக்கேன்."

"தூக்கமில்லன்னு சொன்ன?"

"அதை நான் பாத்துக்கறேன்."

மருமகள் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். கம்பிச் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. மத்தியானம் யாராவது வீட்டில் இருந்தால் தேவலை என்று கேட்டாள். மருமகள் மிரண்டுபோய், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஏற்பாடு செய்தாள். அந்த நாட்களில் ஒத்தக்குரல் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். மிச்ச நாட்களுக்கு மாஸ்டரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடணும். சும்மா கூட கூப்பிடலாம். அது நீங்களா, அவங்களான்னு நான் இனிமே பிரிச்சுப் பாக்கப் போறதில்ல. சத்தம் கேட்டா எழுந்திருப்பேன். அவ்வளவுதான்." அவர் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார்.

சொன்னபடியே செய்தாள். டிங் என்றால் எழுந்தாள். மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தால் போர்வையைச் சரிசெய்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். யார் கூப்பிட்டார்கள் என்று வழக்காடாததாலோ என்னவோ, தூக்கம் அவ்வளவு தூரம் ஓடிப்போகவில்லை. எழுந்து வந்தால் படுக்கையிலேயே காத்திருந்தது.

சில வாரங்கள் கழித்து, மருமகள் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம், கண் செருகும் நேரத்தில் வந்தது. டிங். டிங் டிங். மெதுவாக, அவசரமில்லாமல். எழுந்து கட்டிலருகே போனாள். மாஸ்டர் விழித்திருந்தார். தொண்டை சுத்தமாக இருந்தது, படுக்கை காய்ந்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. கால்மாட்டுப் பக்கம், கம்பி வளைந்து திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்தது தெரிந்ததும் பார்வையைத் திருப்பினார். மார்மேல் கிடந்த நல்ல கையை மிகவும் கஷ்டப்பட்டுத் தூக்கி, விரல்களை விரித்து அவளுக்குக் காட்டினார்.

நான் இல்லை.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தான் தூக்கத்திலிருந்து எழுந்து வருவதைப் பார்த்து, எதற்காக வந்திருப்பாள் என்று ஊகித்து அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். பாம்புக் காது உள்ளவர். வேறு விதமாகவும் இருக்கலாம். ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒரு தரமா, இரண்டு தரமா என்று அவர் கண் சொல்லிவிடும்.

"மாஸ்டர், உங்களுக்கும்..." என்று தொடங்கினாள்.

அவர் கண்ணை இமைக்காமல் காத்திருந்தார்.

இல்லை என்று சொல்லிவிட்டால் இத்தனை வருஷமும் இருந்தது போலவே இதில் அவள் தனி. ஆம் என்று சொல்லிவிட்டால் நாளை மத்தியானம் இந்த அறையில் எந்தத் தைரியத்தில் கண்ணை மூடுவது?

"உங்களுக்கும் வெயில் உறுத்துதான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். தூக்கியிருந்த அவர் கையைப் பிடித்து மெதுவாக இறக்கி மார்மேல் வைத்தாள். பிறகு மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னலோரத்தில் போடாமல், மாஸ்டரின் கால்மாட்டுப் பக்கம், கம்பி வளையும் இடத்துக்கு நேராகப் போட்டாள். அந்தப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்தாள்.

"இருக்கேன்" என்றாள், யாரிடம் என்று சொல்லாமல். கண்ணை மூடிக்கொண்டாள்.